ஆய்வகத்தில் வளர்த்த மூலிகை வேர்களிலிருந்து மருந்துப் பொருட்களைப் பிரித்தெடுத்தல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேர் வளர்ப்பைப் பற்றிப் படித்துவிட்டு, அதிலிருந்து பயனுள்ள பொருளைக் கையில் எடுப்பது எப்படி என்று கேட்பவர்களுக்காக இந்தப் பக்கம் எழுதப்பட்டது. திசு வளர்ப்பின் அடிப்படைகள் ஓரளவு தெரிந்தவர்களையும், வேதியியல் தெரிந்தும் தாவரப் பக்கம் புதியவர்களாக இருப்பவர்களையும் மனத்தில் கொண்டு விடைகள் அமைந்துள்ளன.

ஆய்வகத்தில் வளர்த்த வேர் என்பது எது?

தண்டும் இலையும் இல்லாமல், சர்க்கரையும் தாது உப்புகளும் கரைந்த நுண்ணுயிர் நீக்கிய திரவத்தில், தன்னந்தனியாகக் கிளைத்து வளரும் வேர்தான் அது. இலை ஒளிச்சேர்க்கை செய்து அனுப்பும் சர்க்கரைக்குப் பதிலாக ஊடகத்தில் நாம் சேர்க்கும் சர்க்கரையை, வழக்கமாக லிட்டருக்கு 30 கிராம் அளவில், அந்த வேர் எடுத்துக்கொள்கிறது. வெட்டியெடுத்த தக்காளி வேர் நுனியைத் தொடர்ந்து மாற்றி மாற்றி வளர்த்தால் அது முடிவின்றி வளரும் என்பதை பிலிப் ஒயிட் 1934-இல் காட்டினார். ஆனால் சாதாரண வேர் நுனிகள் மெதுவாகவே வளர்வதால், இன்று இரண்டு வகை வேர்களே பெரிதும் பயன்படுகின்றன. ஒன்று, ஆக்சின் வகை வளர்ச்சி ஊக்கியின் தூண்டுதலால் இலைத் துண்டிலோ காலஸ் எனப்படும் உருவமற்ற செல் திரளிலோ தோன்றும் வேற்றிட வேர். மற்றொன்று, ஒரு மண் பாக்டீரியாவின் மரபணுக்கள் தாவரச் செல்லுக்குள் புகுந்ததால் உருவாகும் மயிர்வேர்.

நிலத்தில் விளையும் வேர் இருக்கும்போது இது எதற்கு?

வேரை எடுக்கச் செடியையே பிடுங்க வேண்டும் என்பதே முதல் காரணம். சர்ப்பகந்தி போன்ற மூலிகைகள் காடுகளில் அருகிப் போனதற்கு இதுவும் ஒரு காரணம். அடுத்தது காலம். ஜின்செங் வேர் நிலத்தில் முதிர 4 முதல் 6 ஆண்டுகள் ஆகும். வளர்கலனில், அதாவது ஊடகம் நிரப்பிய மூடிய கலனில், அதன் வேற்றிட வேர்கள் ஐந்தாறு வாரங்களில் அறுவடைக்கு வந்துவிடுகின்றன. மண், பருவம், பயிரின் வயது ஆகியவற்றைப் பொறுத்து மருந்துப் பொருளின் அளவு ஏறி இறங்குவதும், மண்ணிலுள்ள ஈயம், காட்மியம் போன்ற உலோகங்கள் வேரில் சேர்வதும், பூச்சிக்கொல்லி எச்சமும் வளர்கலனில் இல்லை.

இருந்தாலும் எல்லா மூலிகைக்கும் இதுவே சிறந்த வழி என்று சொல்ல முடியாது. அஸ்வகந்தா என்கிற அமுக்கரா ஐந்தாறு மாதங்களில் நிலத்திலேயே அறுவடைக்கு வந்துவிடும். அப்படிப்பட்ட பயிரின் வேர்த்தூள் மட்டுமே தேவை என்றால் வளர்கலன் வேர் செலவில் நிலத்தோடு போட்டியிடுவது கடினம். குறிப்பிட்ட ஒரு சேர்மம், நிலையான அளவில், தூய்மையாகத் தேவைப்படும் இடத்தில்தான் இந்த முறைக்கு அர்த்தம் உண்டு.

எந்த மருந்துப் பொருளையும் வேர் வளர்ப்பிலிருந்து பெறலாமா?

பெற முடியாது. இந்தத் துறையில் மிகுதியான காலமும் பணமும் வீணாவது இந்தக் கேள்வியைத் தாமதமாகக் கேட்பதால்தான். எவ்வளவு நல்ல கரைப்பானைப் பயன்படுத்தினாலும், வேர் உண்டாக்காத பொருளை வேரிலிருந்து எடுக்க இயலாது. ஆகவே பிரித்தெடுத்தல் பற்றிய திட்டம், அந்தப் பொருள் தாவரத்தின் எந்தப் பகுதியில் உருவாகிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும். அது எங்கே சேமிக்கப்படுகிறது என்பது வேறு கேள்வி.

இரண்டும் ஒன்றல்ல என்பதற்குப் புகையிலை நல்ல சான்று. நிக்கோட்டின் இலையில் சேர்ந்திருந்தாலும் அது உருவாவது வேரில். 1940-களில் நடந்த ஒட்டுச் சோதனைகளில், தக்காளி வேர்மேல் ஒட்டிய புகையிலைத் தண்டின் இலைகளில் நிக்கோட்டின் ஏறக்குறைய இல்லாமற் போனதும், புகையிலை வேர்மேல் ஒட்டிய தக்காளியின் இலைகளில் நிக்கோட்டின் சேர்ந்ததும் இதைத் தெளிவாக்கின. ஊமத்தை, ஹயோசயமஸ் போன்ற செடிகளின் ஹயோசயமின், ஸ்கோபலமின் ஆகியவையும் இவ்வாறே வேரில் உருவாகி மேலே செல்கின்றன. எனவே இவற்றுக்கு வேர் வளர்ப்பு இயல்பாகவே பொருந்துகிறது.

எதிர்ப்பக்கச் சான்றாக நித்தியகல்யாணியைச் சொல்லலாம். அதன் மயிர்வேர்கள் அஜ்மலிசின், செர்பென்டின் ஆகியவற்றை நன்றாகவே உண்டாக்குகின்றன. ஆனால் புற்றுநோய் மருந்தான வின்பிளாஸ்டினுக்குத் தேவையான இரு பாதிகளில் ஒன்றான விண்டோலின், ஒளி படும் இலையின் தனிவகைச் செல்களில்தான் முழுமையடைகிறது. ஆகவே வேரில் வின்பிளாஸ்டினைத் தேடுவது வீண். ஆர்ட்டிமிசினின் உருவாவது இலையின் சுரப்பித் தூவிகளில் என்பதால் அதற்கும் வேர் ஏற்ற இடமன்று. அதிமதுரம் இன்னும் நுட்பமான எடுத்துக்காட்டு. கிளிசிரைசின் வேரில் உள்ள பொருளே. ஆனால் அது தடித்து முதிர்ந்த வேரில் சேர்வது; வளர்கலனின் மெல்லிய இளவேர்களில் அது மிகக் குறைவாகவே காணப்படுகிறது.

இந்தச் சோதனையில் தேறுபவை என்று சொல்லத்தக்கவை ஜின்செங்கின் ஜின்செனோசைடுகள், அமுக்கராவின் வித்தனோலைடு ஏ, கொடிவேலியின் பிளம்பாஜின், மருந்துக் கூர்க்கனின் ஃபோர்ஸ்கோலின், சால்வியா மில்டியோரைசா என்ற சீன மூலிகையின் டான்ஷினோன்கள் ஆகியவை. அமுக்கராவிலும் ஒரு எச்சரிக்கை தேவை: வித்தஃபெரின் ஏ இலையில்தான் மிகுதி, வித்தனோலைடு ஏ வேருக்குரியது. எது தேவை என்பதைத் தீர்மானித்துவிட்டே வேலையைத் தொடங்க வேண்டும்.

மயிர்வேர் எவ்வாறு உருவாக்கப்படுகிறது?

அக்ரோபாக்டீரியம் ரைசோஜீன்ஸ் என்று நெடுங்காலம் அழைக்கப்பட்டு, இப்போது ரைசோபியம் ரைசோஜீன்ஸ் என்று வகைப்படுத்தப்படும் பாக்டீரியா, தன் ஆர்.ஐ. பிளாஸ்மிட் என்ற வளைய டி.என்.ஏ.வின் ஒரு பகுதியைக் காயம்பட்ட தாவரச் செல்லுக்குள் செலுத்துகிறது. அந்தப் பகுதியிலுள்ள ரோல் மரபணுக்கள் செல்லின் ஆக்சின் உணர்திறனை மாற்றிவிடுவதால், காயத்தில் வேர்கள் கொத்தாகக் கிளம்புகின்றன. நுண்ணுயிர் நீக்கிய நாற்றின் இலையையோ விதையிலைக் கீழ்த்தண்டையோ கீறி, பாக்டீரியாக் கரைசலில் சிறிது நேரம் நனைத்து, இரண்டு மூன்று நாள் ஒன்றாக வளரவிட்ட பின், செஃபோடாக்சிம் போன்ற நோயெதிர்ப்பி (ஆன்டிபயாட்டிக்) கலந்த ஊடகத்துக்கு மாற்றுவார்கள். பாக்டீரியா தாவரத்தோடு எளிதில் இணைய மறுக்கும்போது, அதைத் தூண்டும் அசிட்டோசிரிங்கோன் என்ற சேர்மத்தை 100 மைக்ரோமோலார் அளவில் சேர்ப்பது வழக்கம்.

தோன்றும் ஒவ்வொரு வேர் நுனியும் தனித்தனி மரபணு நிகழ்விலிருந்து பிறந்தது என்பதால், ஒவ்வொன்றையும் தனி வரிசையாக, அதாவது ஒரே நுனியிலிருந்து பெருக்கிய தனி வளர்ப்பாக, வளர்க்க வேண்டும். ஒரே இலைத் துண்டில் பக்கத்தில் பக்கத்தில் முளைத்த இரு வேர்கள் மருந்துப் பொருளின் அளவில் பல மடங்கு வேறுபடுவது சாதாரணம். ஒரு நல்ல வரிசையைத் தேர்ந்தெடுப்பதற்காகப் பல வரிசைகளைச் சோதிக்கும் பொறுமை, பின்னாளில் ஊடகத்தை மாற்றி மாற்றிப் பார்ப்பதைவிட அதிகப் பலன் தரும்.

மயிர்வேர் நல்லதா, வேற்றிட வேர் நல்லதா?

மயிர்வேர் வளர்ச்சி ஊக்கி இல்லாத ஊடகத்தில் வேகமாக வளர்கிறது. மரபு நிலையில் உறுதியானது. வேற்றிட வேருக்கு ஐ.பி.ஏ. போன்ற ஆக்சின் தொடர்ந்து தேவை, ஆனால் அதில் வெளி மரபணு எதுவும் இல்லை. உணவாகவோ ஒப்பனைப் பொருளாகவோ விற்க நினைப்பவர்கள், மரபணு மாற்றம் பற்றிய விதிகளைக் கருதி, வளர்ச்சி வேகத்தில் சற்றுக் குறைந்தாலும் வேற்றிட வேரையே விரும்புகிறார்கள். தூய்மையான ஒரே சேர்மம்தான் இலக்கு என்றால் மயிர்வேர் முந்திக்கொள்கிறது.

வளர்ப்பு நிலைகளில் எவை மருந்துப் பொருளின் அளவை அதிகம் மாற்றுகின்றன?

முதலில் பார்க்க வேண்டியது நைட்ரஜனின் வடிவம். முராஷிகியும் ஸ்கூகும் 1962-இல் வெளியிட்ட எம்.எஸ். ஊடகத்தில் மொத்த நைட்ரஜன் ஏறத்தாழ 60 மில்லிமோலார். அதில் மூன்றில் ஒரு பங்கு அம்மோனியம். வளர்ச்சிக்கு இது கொழுத்த உணவு. ஆனால் பல வேர்கள் வயிறு நிறைந்திருக்கும்போது தற்காப்புப் பொருட்களை உண்டாக்குவதில்லை. லித்தோஸ்பெர்மம் என்ற செடியின் செல்களில் சிவப்பு நிற ஷிக்கோனின் உருவாவதை அம்மோனியமும் ஒளியும் தடுத்துவிடுகின்றன என்று கண்டறிந்த பிறகே, வளர்ச்சிக்கு ஒரு ஊடகம், உற்பத்திக்கு மற்றொன்று என்ற இருநிலை முறை அங்கே கைகொடுத்தது. அரை அளவு எம்.எஸ். அல்லது அம்மோனியம் மிகக் குறைந்த பி5 ஊடகம் வேர்களுக்குப் பெரும்பாலும் நல்ல தொடக்கம்.

இருள், 25 டிகிரி செல்சியஸ் அளவான வெப்பம், ஆட்டோகிளேவில் (நீராவி அழுத்தத்தில் நுண்ணுயிர் நீக்கும் கருவி) வைப்பதற்கு முன் 5.7 அல்லது 5.8 என்று சரிசெய்த பி.எச். ஆகியவை வழக்கமான நிலைகள். இவற்றைப் பற்றி அதிகம் அலட்டிக்கொள்ள வேண்டியதில்லை.

தூண்டி என்பது என்ன? அதை எப்போது சேர்க்க வேண்டும்?

நோய்க்கிருமியோ பூச்சியோ தாக்கியதாக வேரை நம்பவைக்கும் பொருள்தான் தூண்டி. மெத்தில் ஜாஸ்மோனேட், சாலிசிலிக் அமிலம், ஈஸ்ட் சாறு, கைட்டோசன், வெள்ளி அயனி ஆகியவை பரவலாகப் பயன்படுகின்றன. இவற்றில் மெத்தில் ஜாஸ்மோனேட்டின் விளைவு பெரும்பாலும் வலுவானது. 50 முதல் 200 மைக்ரோமோலார் வரையில் சோதிப்பது வழக்கம். அது நீரில் எளிதில் கரையாது என்பதால் சிறிது எத்தனாலில் கரைத்து, வடிகட்டியில் நுண்ணுயிர் நீக்கிச் சேர்ப்பார்கள். அதே அளவு எத்தனால் மட்டும் சேர்த்த ஒப்பீட்டுக் குடுவை ஒன்று கட்டாயம் இருக்க வேண்டும். அது இல்லாத முடிவுகளை நம்ப முடியாது.

மெத்தில் ஜாஸ்மோனேட் பொருளின் அளவைக் கூட்டும் அதே வேளையில் வேரின் வளர்ச்சியை நிறுத்திவிடுகிறது. தொடக்கத்திலேயே சேர்த்தால் பொருள் செறிந்த ஆனால் கைப்பிடி அளவே ஆன வேர்தான் மிஞ்சும். ஆகவே வேரை முழு அளவுக்கு வளரவிட்டு, கடைசி ஒன்று அல்லது இரண்டு வாரங்களில் சேர்ப்பதே முறை. இன்னொன்றும் கவனிக்கத்தக்கது: தூண்டி எல்லாச் சேர்மங்களையும் ஒரே விகிதத்தில் உயர்த்துவதில்லை. ஜின்செங் வேற்றிட வேரில் அது ஆர்.பி. வகை ஜின்செனோசைடுகளை மிகுதியாகவும் ஆர்.ஜி. வகையைக் குறைவாகவும் உயர்த்துவதால், சாற்றின் தன்மையே மாறிவிடுகிறது. மொத்த அளவை மட்டும் சொல்லும் முடிவுகளில் இந்த மாற்றம் மறைந்துபோகும்.

சிறிய குடுவையில் வந்த விளைச்சல் பெரிய கலனில் ஏன் வருவதில்லை?

பெரும்பாலும் ஆக்சிஜன் பற்றாக்குறையே காரணம். வேர்கள் கிளைத்துப் பின்னிக்கொண்டு வைக்கோற்போர் போல ஒரே திரளாகிவிட, திரவம் அந்தத் திரளுக்குள் நுழையாமல் சுற்றிக்கொண்டு போய்விடுகிறது. வெளிப்புறம் வெண்மையாக இருக்கும் திரளை வெட்டிப் பார்த்தால் நடுப்பகுதி பழுத்துக் கறுத்திருக்கும். பாக்டீரியா வளர்ப்புக்கான, கலக்கி பொருத்திய கலனில் போட்டால் இறக்கைகள் வேரை அறுத்துவிடும். அறுந்த இடத்தில் காலஸ் தோன்றும், உற்பத்தி குறையும். இதனால்தான் கீழிருந்து காற்றுக் குமிழ்களை அனுப்பும் கலன்களும், ஊடகத்தை மூடுபனியாகத் தெளிக்கும் கலன்களும் வேர்களுக்கென்றே உருவாக்கப்பட்டன.

அறுவடைக்கு ஏற்ற நாளை எவ்வாறு அறிவது?

மூடிய கலனிலிருந்து வேரை எடுத்து எடைபோட முடியாது. ஆனால் ஊடகத்தின் மின்கடத்துதிறனை அளக்கலாம். வேர் உப்புகளை உறிஞ்ச உறிஞ்சக் கடத்துதிறன் சீராக இறங்கும். அந்த இறக்கத்திலிருந்து வேரின் எடையை மதிப்பிடலாம். இறக்கம் நின்று, சர்க்கரையும் தீர்ந்துவிட்டால், இன்னும் காத்திருப்பதால் வேர் பழுப்பேறுவதைத் தவிர வேறு பலன் இல்லை. மருந்துப் பொருளின் உச்சம் எடையின் உச்சத்துக்குச் சில நாள் முன்போ பின்போ வரலாம் என்பதால், ஒவ்வொரு வரிசைக்கும் ஒருமுறையாவது நாள்வாரியாக இரண்டையும் அளந்து வரைபடம் போட்டு வைத்துக்கொள்வது நல்லது.

அறுவடை செய்த வேரை எவ்வாறு பக்குவப்படுத்த வேண்டும்?

முதல் வேலை கழுவுவது. சாதாரணமாகத் தோன்றும் இந்தப் படியில்தான் பல கணக்குகள் பிழையாகின்றன. வேர்த்திரளுக்குள் தங்கிய ஊடகத்தில் சர்க்கரை இருக்கும். கழுவாமல் உலர்த்தினால் அது வேரோடு காய்ந்து எடையில் சேர்ந்துகொள்ளும். கூடவே வேர் பிசுபிசுத்து, அரைக்கும்போது கட்டிபிடிக்கும். வடிகட்டித் துணியில் வைத்து, காய்ச்சி வடித்த நீரால் இரண்டு மூன்று முறை அலசி, பின் உறிஞ்சுதாளால் ஈரத்தை ஒற்றியெடுக்க வேண்டும். நீண்ட நேரம் ஊறவைத்தால் நீரில் கரையும் பொருட்கள் வெளியேறிவிடும்.

வேரின் ஈர எடையில் 90 விழுக்காட்டுக்கு மேல் நீர். அதை 40 முதல் 50 டிகிரியில் காற்றோட்ட அடுப்பில் உலர்த்துவது பெரும்பாலானவற்றுக்குப் போதும். உறைய வைத்து உலர்த்துவது செலவு மிகுந்தது, ஆனால் சில பொருட்களுக்கு அதுவே சரி. பிளம்பாஜின் எளிதில் ஆவியாகும் இயல்புடையது; கொடிவேலி வேரை அதிக வெப்பத்தில் உலர்த்தினால் பொருள் காற்றோடு போய்விடும். ஜின்செனோசைடுகளில் மலோனில் குழு இணைந்தவை வெப்பத்தில் அந்தக் குழுவை இழந்து வேறொன்றாக மாறும். இன்னும் சூடேற்றினால் ஆர்.ஜி.3 போன்றவை பிறக்கும். சில வேளைகளில் அந்த மாற்றமே விரும்பப்படுகிறது. ஆனால் அது நம் விருப்பப்படி நடக்க வேண்டுமே தவிர, அடுப்பின் விருப்பப்படி நடக்கக்கூடாது.

எந்தக் கரைப்பானைத் தேர்ந்தெடுப்பது?

பொருளின் முனைவுத்தன்மையே, அதாவது அது நீரை நாடுவதா கொழுப்பை நாடுவதா என்பதே, இதைத் தீர்மானிக்கிறது. பிளம்பாஜின், டான்ஷினோன், ஃபோர்ஸ்கோலின் போன்ற கொழுப்பு நாட்டம் உள்ளவை எத்தில் அசிட்டேட், அசிட்டோன், அல்லது செறிந்த எத்தனாலில் நன்றாக வரும். சர்க்கரைக் கூறு இணைந்த ஜின்செனோசைடுகளுக்கு 70 விழுக்காடு எத்தனாலும், வித்தனோலைடுகளுக்கு 80 விழுக்காடு அளவிலான எத்தனால் அல்லது மெத்தனாலும் பொருத்தம்.

நீர் கலந்த எத்தனாலைத் தொடக்கக் கரைப்பானாகப் பரிந்துரைப்பதற்குக் காரணங்கள் உண்டு. உலர்ந்த வேர்த்தூளைச் சிறிது நீர் உப்பவைத்து, கரைப்பான் உள்ளே செல்ல வழிசெய்கிறது. எத்தனால், பொருளைச் சிதைக்கும் நொதிகளைச் செயலிழக்கச் செய்வதோடு, பசைத்தன்மையுள்ள பல்சர்க்கரைகளைக் கரையவிடாமல் பின்னால் நிறுத்திவிடுகிறது. மனிதர் உட்கொள்ளும் பொருளில் சிறிதளவு எஞ்சினாலும் எத்தனால் அச்சம் தருவதன்று: மருந்துகளுக்கான சர்வதேச வழிகாட்டுதலில் எத்தனாலுக்கான எச்ச வரம்பு பத்து லட்சத்தில் 5000 பங்கு, மெத்தனாலுக்கு 3000, ஹெக்சேனுக்கு 290, குளோரோஃபார்முக்கு 60. பகுப்பாய்வுக்கு மட்டும் எடுக்கும் சாற்றில் மெத்தனால் இருக்கலாம். விற்பனைக்கான சாற்றில் குளோரோஃபார்மைத் தொடாமல் இருப்பதே நல்லது. டைகுளோரோமீத்தேன் என்ற கரைப்பான் சில ஆல்கலாய்டுகளோடு (நைட்ரஜன் கொண்ட, காரத்தன்மையுள்ள தாவரப் பொருட்கள்) மெல்ல வினைபுரிந்து, வேரில் இல்லாத புதுப் பொருளை உண்டாக்கிவிடும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

கரைப்பானின் மொத்த அளவைவிட, அதை எத்தனை தடவையாகப் பிரித்து ஊற்றுகிறோம் என்பதே பெரிது. ஒரு கிராம் தூள் பிழிந்த பின்னும் 2 மில்லிலிட்டர் கரைப்பானைத் தனக்குள் தக்கவைத்துக்கொள்வதாகக் கொள்வோம். 30 மில்லிலிட்டரை ஒரே முறையில் ஊற்றி வடித்தால், கரைந்த பொருளில் ஏறத்தாழ 6.7 விழுக்காடு சக்கையில் நிற்கும். அதே 30 மில்லிலிட்டரை மூன்றாகப் பிரித்து, 10 மில்லிலிட்டராக மூன்று முறை ஊற்றி வடித்தால், நிற்பது 0.6 விழுக்காட்டுக்கும் குறைவு.

ஊறவைத்தல், சாக்ஸ்லெட், மீயொலி, மீஉய்நிலைக் கார்பன் டைஆக்சைடு: எது மேல்?

வளர்கலன் வேர் மெல்லியது. நிலத்து வேரைப்போலக் கட்டையான திசு அதில் குறைவு. அதனால் நிலத்து வேருக்கு எழுதப்பட்ட நீண்ட கொதிநிலைச் செய்முறைகள் இதற்குத் தேவையில்லை. 20 முதல் 40 கிலோஹெர்ட்ஸ் மீயொலியில் அரை மணி நேரம், பனிக்கட்டி நீரில் குடுவையை வைத்து வெப்பம் ஏறாமல் பார்த்துக்கொண்டு செய்தால், பெரும்பாலான பொருட்களுக்கு அதுவே போதும். சாக்ஸ்லெட் கருவியில் பொருள் பல மணி நேரம் கொதிக்கும் கரைப்பானில் கிடக்கிறது. வெப்பம் தாங்காதவற்றுக்கு அது ஆகாது. கார்பன் டைஆக்சைடு 31 டிகிரிக்கும் 74 பார் அழுத்தத்துக்கும் மேல் கொழுப்பு நாட்டமுள்ளவற்றை எச்சமின்றிக் கரைத்தெடுக்கிறது. முனைவுத்தன்மை உள்ளவற்றுக்கு அதில் எத்தனாலைச் சேர்க்க வேண்டும். கருவியின் விலை அதிகம் என்பதால் சிறிய ஆய்வகத்துக்கு அதைப் பரிந்துரைப்பதில்லை.

வேரை எடுத்த பின் எஞ்சும் ஊடகத்தைக் கொட்டிவிடலாமா?

சோதிக்காமல் கொட்ட வேண்டாம். சில வேர்கள் உண்டாக்கிய பொருளில் கணிசமான பங்கை வெளியே விடுகின்றன. தூண்டி சேர்த்த பின் இது இன்னும் கூடும். ஊடகத்தில் எக்ஸ்.ஏ.டி.-7 போன்ற நுண்துளைப் பிசின் மணிகளை நுண்ணுயிர் நீக்கிப் போட்டு வைத்தால், வெளியேறும் பொருளை அவை பிடித்துக்கொள்கின்றன. பொருள் தன்னைச் சுற்றித் தேங்காததால் வேர் மேலும் உண்டாக்குகிறது. வேரைக் கொல்லாமலேயே மணிகளை மட்டும் எடுத்து எத்தனாலில் கழுவிப் பொருளைப் பெறலாம்.

கச்சாச் சாற்றை எவ்வாறு தூய்மைப்படுத்துவது?

ஆல்கலாய்டாக இருந்தால் வேதியியலே பாதி வேலையைச் செய்துவிடுகிறது. கரைப்பானை ஆவியாக்கி, எஞ்சியதை நீர்த்த அமிலத்தில் கரைத்தால் ஆல்கலாய்டு உப்பாக நீரில் நிற்கும். பிரிபுனலில் ஹெக்சேனால் கழுவிக் கொழுப்பையும் நிறத்தையும் நீக்கலாம். பின்னர் அம்மோனியாவைச் சொட்டுச் சொட்டாகச் சேர்த்து பி.எச்.-ஐ 9 அல்லது 10-க்கு உயர்த்தினால், தெளிந்திருந்த நீர் பால்போல் கலங்கும். அப்போது எத்தில் அசிட்டேட் போன்ற கரைப்பானால் அதை வாங்கிக்கொள்ளலாம். இங்கே சோடியம் ஹைட்ராக்சைடு போன்ற வன்காரத்தைப் பயன்படுத்தினால் ஹயோசயமின் தன் ஒளிச்சுழற்சியை இழந்து அட்ரோபினாக மாறும். குளிர்ச்சியாகவும் விரைவாகவும் வேலையை முடிக்க வேண்டும். புனலைப் பலமாகக் குலுக்கினால் இரு படலங்களும் பிரியாமல் குழம்பி நின்றுவிடும். மெதுவாகச் சாய்த்துச் சாய்த்துக் கலப்பதே கைப்பழக்கம்.

ஜின்செனோசைடு போன்றவற்றுக்கு நுண்துளைப் பிசின் தம்பம், அதாவது பிசின் மணிகள் நிரப்பிய குழாய், ஏற்றது. நீர் ஊற்றினால் சர்க்கரையும் உப்பும் இறங்கிவிடும். பின்பு 70 விழுக்காடு எத்தனால் ஊற்றினால் தேவையானது இறங்கும். தனிச் சேர்மம் வேண்டுமென்றால் அதற்குமேல் சிலிக்கா ஜெல் அல்லது சி18 தம்பத்தில் வண்ணப்பிரிகை செய்ய வேண்டும்.

கிடைத்தது சரியான பொருள்தான் என்று எப்படி உறுதிசெய்வது?

தூய நியமப் பொருளோடு ஒப்பிட்டு எச்.பி.எல்.சி. (உயர்திறன் நீர்ம வண்ணப்பிரிகை) செய்ய வேண்டும். வித்தனோலைடுகளை 227 நானோமீட்டரிலும், ஜின்செனோசைடுகளை 203 நானோமீட்டரிலும் கண்டறிவது வழக்கம். 203 நானோமீட்டரில் ஏறக்குறைய எல்லாமே ஒளியை உறிஞ்சும் என்பதால், வெளிவரும் நேரம் ஒத்துப்போவது மட்டுமே சான்றாகாது; நிறைநிறமாலையிலும் ஒத்துப்போக வேண்டும். நியமப் பொருளைத் தெரிந்த அளவில் வேர்த்தூளோடு முன்கூட்டியே கலந்து, முழுச் செய்முறையும் முடிந்த பின் எவ்வளவு திரும்பக் கிடைக்கிறது என்று பார்ப்பது இன்னும் நேர்மையான சோதனை.

ஆய்வுக் கட்டுரைகளில் வரும் "கிராமுக்கு இத்தனை மில்லிகிராம்" என்ற எண்ணை எவ்வாறு படிப்பது?

சந்தேகத்தோடு படிக்க வேண்டும். கணக்குக்காக இரண்டு வரிசைகளை எடுத்துக்கொள்வோம். முதல் வரிசை 28 நாளில் லிட்டருக்கு 12 கிராம் உலர்வேர் தருகிறது. கிராமுக்கு 3 மில்லிகிராம் பொருள். இரண்டாவது 35 நாளில் லிட்டருக்கு 5 கிராம் தருகிறது. கிராமுக்கு 6 மில்லிகிராம். செறிவில் இரண்டாவது இரு மடங்கு. ஆனால் லிட்டருக்குக் கிடைப்பது முதலாவதில் 36 மில்லிகிராம், இரண்டாவதில் 30 மட்டுமே. நாள் கணக்கில் பார்த்தால் 1.29-க்கு எதிராக 0.86. கலனை ஓட்டும் செலவு நாளுக்கும் லிட்டருக்கும் ஆகிறதே அன்றி வேரின் கிராமுக்கு அன்று.

ஈர எடையா உலர் எடையா என்று சொல்லாத எண்ணையும், தூண்டி இல்லாத குடுவையில் அளவு மிகக் குறைவாக இருந்ததால் மட்டுமே பெரிதாகத் தோன்றும் "இருபது மடங்கு உயர்வு" போன்ற கூற்றையும் ஒதுக்கிவிடலாம்.

மயிர்வேரிலிருந்து எடுத்த பொருள் உடலுக்குப் பாதுகாப்பானதா?

தூய்மையாக்கிய தனிச் சேர்மம் எங்கிருந்து வந்தாலும் ஒன்றே. பாக்டீரியா எஞ்சவில்லை என்பதைக் காட்ட, வேரின் டி.என்.ஏ.வில் ரோல்பி மரபணு இருப்பதையும், தாவரத்துக்குள் செல்லாத வி.ஐ.ஆர். மரபணுக்கள் இல்லாததையும் பி.சி.ஆர். மூலம் உறுதிசெய்வார்கள். நோயெதிர்ப்பி இல்லாத ஊடகத்தில் பல முறை மாற்றி வளர்த்த பின்னரே அறுவடைக்கு விடுவார்கள் என்பதால் அதன் எச்சமும் கவலைக்குரியதன்று. இந்தப் பாக்டீரியா இனத்தின் மரபணுக்கள் தாவரத்தில் இருப்பது புதுமையும் அன்று; சர்க்கரைவள்ளிக் கிழங்கின் மரபணுத் தொகுப்பிலேயே அத்தகைய துண்டுகள் இயற்கையாக அமைந்துள்ளன என்று 2015-இல் வெளியான ஆய்வு காட்டியது.

முழுச் சாற்றை அப்படியே உட்கொள்வது வேறு விஷயம். வளர்கலன் வேரின் சாற்றில் சேர்மங்களின் விகிதம் நிலத்து வேரினுடையதாக இராது. நிலத்து வேருக்கு நெடுங்கால வழக்கில் ஏற்பட்ட பாதுகாப்பு நம்பிக்கையை அப்படியே இதற்கு மாற்றிக்கொள்ள முடியாது. நச்சியல் சோதனைகள் தனியாகத் தேவை.

வணிக அளவில் இது எங்காவது நடக்கிறதா?

தாவரச் செல் வளர்ப்பிலிருந்து முதன்முதலாக வணிகத்துக்கு வந்த பொருள் ஷிக்கோனின்; ஜப்பானின் மிட்சுயி பெட்ரோகெமிக்கல் நிறுவனம் 1983-இல் அதைக் கொண்டுவந்தது. அது செல் வளர்ப்பு. வேர் வளர்ப்பில் முன்னோடி தென் கொரியா: அங்கே ஜின்செங் வேற்றிட வேர்கள் 10,000 லிட்டர் அளவிலான குமிழ்க்கலன்களில் வளர்க்கப்பட்டுள்ளன.

வீட்டில் செய்து பார்க்கலாமா?

வேர் வளர்ப்பை முயலலாம். கரைப்பான்களைக் கொண்டு பிரித்தெடுப்பதைப் ஆவியை உறிஞ்சி வெளியேற்றும் புகைபோக்கிப் பேழை இல்லாத இடத்தில் செய்யக்கூடாது. ஹயோசயமின் போன்றவை மிகச் சிறிய அளவிலேயே நஞ்சு.

நல்ல வேர் வரிசை ஒன்று கிடைத்தால் அதை எவ்வளவு காலம் வைத்திருக்கலாம்?

மூன்று நான்கு வாரங்களுக்கு ஒருமுறை வெண்மையான இளநுனிகளை மட்டும் வெட்டிப் புது ஊடகத்துக்கு மாற்றி வந்தால், மயிர்வேர் பல ஆண்டுகள் தன் இயல்பு மாறாமல் இருக்கும். பழுப்பேறிய பழைய பகுதியையும் சேர்த்து மாற்றுபவர்களுக்கு வளர்ச்சி சில சுற்றுகளிலேயே தளர்ந்துவிடுகிறது. ஒரே வரிசையைக் குறைந்தது இரண்டு அறைகளில், வெவ்வேறு நாளில் தயாரித்த ஊடகங்களில் வைத்திருக்க வேண்டும். ஒரு குளிர்சாதனக் கோளாறோ ஒரு பூஞ்சைத் தொற்றோ முழுத் தொகுப்பையும் ஒரே இரவில் அழித்துவிடக்கூடியது. வசதி உள்ளவர்கள் வேர் நுனிகளைப் பாதுகாப்புத் திரவத்தில் நனைத்து, மைனஸ் 196 டிகிரி செல்சியஸில் திரவ நைட்ரஜனில் வைக்கிறார்கள். அப்படி வைத்ததை மீட்டு வளர்த்தபின், மருந்துப் பொருளின் அளவை மீண்டும் ஒருமுறை அளந்து பார்த்த பிறகே உற்பத்திக்கு எடுக்க வேண்டும்.